ஸ்ரீஹரிகோட்டா பார்வையாளர் மாடம்: ராக்கெட் கிளம்புவதை நேரில் பார்க்க விரும்புவோருக்கு

சதீஷ் தவான் விண்வெளி மையத்தின் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து ராக்கெட் ஏவுதலைப் பார்க்கக் கட்டணம் எதுவும் இல்லை. ஏவும் நாள் உறுதியானதும் இஸ்ரோவின் இணையதளத்தில் பதிவு தொடங்கும்; அனுமதிச் சீட்டும் அடையாள அட்டையும் கையில் இருந்தால் போதும். 2019-இல் ஏறத்தாழ 5,000 பேர் அமரும் வகையில் இதைத் திறந்தார்கள். அவ்வளவு இடமா என்று மலைக்க வேண்டாம், பெரிய ஏவுதல் என்றால் அதுவும் போதாது.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் புறநகர் ரயிலில் சூலூர்பேட்டை வரை போய், அங்கிருந்து வண்டி பிடிக்கலாம். வண்டிக்காரரிடம் வாடகையை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பேசாமல் ஏறியதன் விலையை நான் திரும்பும்போது கொடுத்தேன். ஆனால் பழவேற்காடு ஏரியின் குறுக்கே போடப்பட்ட அந்த நேரான சாலையில், இருபுறமும் உவர்நீர் பரந்து கிடக்க, குளிர்காலமென்றால் பூநாரைக் கூட்டங்களும் கண்ணில் படச் செல்லும் பயணத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். இந்த மையம் ஏன் இங்கே அமைந்தது என்பதும் அந்தச் சாலையிலேயே பாதி விளங்கிவிடுகிறது. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல், நடுவே மக்கள் அதிகம் குடியிராத தீவு. 1969-இல் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, கிழக்கு நோக்கி ஏவினால் கழன்று விழும் பாகங்கள் கடலில் விழும் என்ற பாதுகாப்பும், பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் பூமியின் சுழற்சியிலிருந்தே நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகம் இலவசமாகக் கிடைக்கும் என்ற ஆதாயமும் ஒருசேர அமைந்தன. அதற்கு முன்பே அங்கு வாழ்ந்துவந்த யானாதி பழங்குடியினரின் கதையும் இந்தத் தீவின் வரலாற்றைச் சேர்ந்ததே.

மாடத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தையும் ராக்கெட் மாதிரிகள் நிற்கும் தோட்டத்தையும் ஏவுதலுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. இங்கிருந்து முதலில் பறந்தது 1971 அக்டோபர் 9 அன்று ஏவப்பட்ட ரோகிணி-125 என்ற சிறிய ஆய்வு ராக்கெட். செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தும் முதல் முயற்சியாக 1979 ஆகஸ்ட் 10 அன்று கிளம்பிய எஸ்.எல்.வி.-3, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கசிவால் தடம் மாறி 317 நொடிகளில் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் அன்று செய்தியாளர்கள் முன் பொறுப்பேற்றுக்கொண்டவர் இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அதே ராக்கெட் வென்றபோது பேசச் சொல்லிக் கலாமை அனுப்பினார். மையத்துக்கு 2002-இல் தவானின் பெயரைச் சூட்டியதில் இந்தக் கதைக்கும் பங்குண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. எஸ்.எல்.வி.-3 சுமந்தது 40 கிலோவை மட்டுமே. அந்த ராக்கெட்டின் எடை 17 டன். இஸ்ரோவின் இன்றைய பெரிய ராக்கெட்டான எல்.வி.எம்.-3 சுமார் 640 டன். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு மாதிரிகளுக்கிடையே நடந்தால் நேரம் போவது தெரியாது.

இரண்டு ஏவுதளங்களும் வேலை செய்யும் விதம் வேறுவேறு. முதல் ஏவுதளத்தில், நகரும் கோபுரம் ஒன்றுக்குள் ராக்கெட்டை அடுக்கடுக்காகப் பொருத்திவிட்டு, ஏவுவதற்கு முன் கோபுரத்தைத் தண்டவாளத்தில் பின்னே இழுத்துச் செல்வதே தொடக்கம் முதல் இருந்த முறை. 2005-இல் பயன்பாட்டுக்கு வந்த இரண்டாம் தளத்திலோ, ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கட்டடத்தில் முழுமையாகப் பூட்டப்பட்ட ராக்கெட்டே பீடத்தோடு நகர்ந்து வரும். தளம் அதிக நாள் முடங்காமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. எல்.வி.எம்.-3-இன் பக்கவாட்டு இயந்திரங்களுக்கான திட எரிபொருளைத் தீவிலேயே வார்க்கிறார்கள். மூன்றாவது தளத்துக்கு 2025 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது; அதே மாதம் 29-ஆம் தேதி இங்கிருந்து நூறாவது ஏவுதலும் நடந்தது.

நான் பார்த்தது ஒரு பி.எஸ்.எல்.வி. ராக்கெட். முதலில் வெளிச்சம் மட்டும் எழுந்தது. ஒலி வந்துசேரச் சில நொடிகள் பிடித்தன, வந்தபோது நெஞ்சுக்கூட்டில் உணர முடிந்தது. பூமியை வடக்கு தெற்காகச் சுற்றும் துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட் நேரே தெற்கே போகாமல், இலங்கைக்கு மேல் பறப்பதைத் தவிர்க்க முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு திரும்புகிறது. இந்தச் சுற்றுவழியில் எரிபொருள் வீணாவது சிறிய ராக்கெட்டுகளுக்குக் கட்டுப்படியாகாது என்பதால்தான் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் காட்சி சில நிமிடங்களே; மேகம் இருந்தால் அதிலும் குறைவு. அதற்காகவே போகிறவர்களுக்கு ஏமாற்றம் ஏற்படலாம்.

ஏவுதல் தள்ளிப்போகும் வாய்ப்பு எப்போதும் உண்டு. 2019 ஜூலை 15 அதிகாலையில் சந்திரயான்-2-இன் கவுண்ட்டவுன் முடிய 56 நிமிடங்கள் இருக்கையில் நிறுத்தப்பட்டு, ஒரு வாரம் கழித்தே ஏவப்பட்டது. ஆகவே திரும்பும் பயணச் சீட்டை மாற்றத்தக்கதாக எடுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கொண்டுசெல்லுங்கள். முடிந்ததும் எல்லா வண்டிகளும் அந்த ஒரே ஏரிச் சாலையில்தான் திரும்ப வேண்டும் என்பதால், சூலூர்பேட்டையில் ரயில் பிடிக்க நிறைய நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.