துரு எடுக்கிறேன் என்று 11,500 ரூபாயை எடுத்துக்கொண்டார்கள்: பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் உஷார்

என் வலது உள்ளங்கை வெள்ளி நிறத்தில் மினுங்குகிறது. சோப்பு போட்டும் முழுசாகப் போகவில்லை. அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டியதற்குக் கிடைத்த பரிசு. குரோம் என்கிற பளபளப்பு முலாமைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம் என்று சொல்லி 11,500 ரூபாய் வாங்கியவர்கள், ஹேண்டில்பாரில் சில்வர் ஸ்ப்ரே அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

சைக்கிள் தாத்தாவுடையது. அம்பத்தூரில் செய்த பழைய ஹெர்குலிஸ், கம்பி பிரேக், டைனமோ லைட். நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை ஓரம் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. உப்புக் காற்றில் ரிம்மிலும் ஹேண்டில்பாரிலும் மட்கார்டிலும் தவிட்டு நிறத்தில் துரு பூத்திருந்தது, அவ்வளவுதான். எங்கும் ஓட்டை கிடையாது. செயின்கவரில் மஞ்சள் பெயின்டில் தாத்தா பெயர், கையால் எழுதியது. இடம் பற்றாமல் கடைசி எழுத்தை நெருக்கி எழுதியிருப்பார் பெயின்டர்.

கொடுத்தது, பழைய வண்டிகளைப் புதுசாக்கி வீடியோ போடுகிற ஒரு பட்டறையில். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மைத்துனர் தடுக்கிறார், அதனால் போடவில்லை.

அந்த ஆள் உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் ரிம்மைச் சுரண்டினார். நகத்தில் ஒட்டிய பொடியை என்னிடம் காட்டி, "பாருங்க சார், இது மேல் துருதான். உள்ளே இறங்கல. பேர் எழுதின இடத்துல கையே வைக்க மாட்டோம்" என்றார். சொன்னது சரிதான், அதுதான் எரிச்சல். விஷயம் தெரிந்த ஆள். அந்த நகத்தைப் பார்த்துத்தான் விழுந்தேன். நின்ற இடத்திலேயே 6,000 ஜிபே பண்ணினேன். வேறு யாரோ பெயர் வந்தது. "வீட்டுக்காரங்க நம்பர் சார்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

பாதி வேலை முடிந்தது என்று ஒரு போட்டோ, அதற்கு 4,000. எடுக்கப் போனது 45ஆம் நாள். பளபளவென்று நிற்கிறது, செயின்கவரில் பெயரைக் காணோம். "வேலையில போயிடுச்சு சார், வேணும்னா ஸ்டிக்கர் ஒட்டித் தரேன்" என்றார். அங்கேயே சண்டை போட்டிருக்க வேண்டும். மீதி 1,500ஐயும் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்தேன். ஆக 11,500.

மழை தொடங்கி 12 நாள்தான். மட்கார்டு முழுக்க அம்மை போட்ட மாதிரி கொப்புளம். ஒன்றைக் குத்திப் பார்த்தேன், உள்ளே பழைய துரு பொடிப்பொடியாக அப்படியே இருக்கிறது. அடுத்த நாள் சமதளச் சாலையில் பின்சக்கரத்தில் இரண்டு ஸ்போக்ஸ் கம்பி பட் பட்டென்று போனது.

எங்கள் தெரு முனை சைக்கிள் கடை பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன். தின்னரில் துணியை நனைத்து ஹேண்டில்பாரை ஒரே இழுப்பு, துணி வெள்ளியாகிவிட்டது, கீழே சாம்பல் நிற இரும்பு. "ஆசிட்ல போட்டு ஊறவெச்சிருக்கான் தம்பி" என்றார். பாத்ரூம் கழுவுகிற அதே ஹைட்ரோகுளோரிக் ஆசிட், துருவோடு குரோமையும் கரைத்துவிடும். அந்தக் குரோம் ஒரு மைக்ரான்கூடத் தேறாத படலம். ஸ்போக்ஸ் போன்ற கடினமான எஃகுக் கம்பியை ஆசிட்டில் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே ஏறி மொறுமொறுவென்று ஆகிவிடும். மட்கார்டில் அந்த வேலைகூடப் பார்க்கவில்லை, துருவின் மேலேயே பெயின்ட்.

போன் போட்டேன். முதலில் "அண்ணன் வெளியூர்ல இருக்காரு". அப்புறம் "கடல் காத்து சார், நாங்க என்ன பண்ண முடியும்". மூன்றாவது நாள் "வாரண்டி இன்ஜினுக்கு மட்டும்தான் சார்". சைக்கிளுக்கு! நேற்று முதல் என் நம்பர் பிளாக். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்தேன், பில் கேட்டார்கள். என்னிடம் இருப்பது டியூப் டப்பா அட்டையில் பேனாவால் எழுதிய "11,500 பெய்டு" மட்டும்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. குரோம் மேல் லேசான துரு என்றால் யாரிடமும் கொடுக்காதீர்கள். சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மெத்தென்றது, கீறாது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், துரு எடுத்த பிறகு பிரைமர் அடிப்பதற்கு முன் வெறும் இரும்பை நேரில் போய்ப் பாருங்கள், போட்டோவுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஆசிட் என்று சொன்னால் எதை எதை முக்கப் போகிறார்கள், அப்புறம் மிச்ச ஆசிட் போக சோடா உப்புத் தண்ணீரில் கழுவுவார்களா என்று கேளுங்கள். பில் வாங்குங்கள். பில் வாங்குங்கள்!

சைக்கிள் இப்போது பாய் கடையில் நிற்கிறது. செயின்கவரை மட்டும் கழற்றித் தனியாக வைத்திருக்கிறார். "துருவையே எடுக்காம அடிச்சவன், பேரை மட்டும் எடுத்திருப்பானா?" என்கிறார். மேல் பெயின்டை மெதுவாகத் தேய்த்துப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை வா என்று சொல்லியிருக்கிறார்.