ஜப்பானியக் கைத்தாளில் படம் அச்சிட நினைப்பவர்களுக்கு

ஒளி பட்டால் மாறும் கரைசலைத் தாளில் பூசி, நெகட்டிவ் வைத்து வெளிச்சம் காட்டி, கழுவி எடுக்கும் பழைய முறைகளில் (நீலப் படம் தரும் சயனோடைப், பிளாட்டினம்-பல்லேடியம், பழுப்புப் படம் தரும் வான்டைக் பிரவுன் போன்றவை) கையால் படம் அச்சிடுகிறவர்கள் பெரும்பாலும் தடித்த பருத்தித் தாளில்தான் தொடங்குவார்கள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் முரண்டு பிடிக்காது. பூசலாம், நனைக்கலாம், தொங்கவிடலாம். அப்புறம் ஒரு கட்டத்தில் ஜப்பானியத் தாள் மேல் கண் போகும். என் வேலையில் பாதிக்கு மேல் இப்போது அதில்தான் நடக்கிறது. பல வருஷம் புழங்கியதில் எனக்கு உறுதியானது ஒன்று: மாதிரித் தாள்களை விரலால் தடவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. காய்ந்திருக்கும்போது எல்லாத் தாளும் அழகுதான். நனைந்த பிறகு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் பார்த்துத்தான் நான் தேர்ந்தெடுக்கிறேன்.

அந்த நடத்தையை முதலில் தீர்மானிப்பது இழை. ஜப்பானியக் கைத்தாளில் பெரும்பாலும் வருபவை மூன்று: கோசோ, கன்பி, மிட்சுமாதா. மூன்றுமே செடிகளின் உள்பட்டையிலிருந்து எடுப்பவை. கோசோ, அதாவது காகித மல்பெரி, இவற்றில் நீளமான இழை கொண்டது. ஓர் இழை சராசரியாக 10 மில்லிமீட்டர் வரும். மரக்கூழ் இழை 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், 30 ஜிஎஸ்எம் கோசோ தாள் தண்ணீரில் ஒரு மணி நேரம் கிடந்தும் கிழியாமல் வருவது ஏன் என்று புரியும். 2014இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த செகிஷு-பன்ஷி, ஹொன்-மினோஷி, ஹொசோகாவாஷி ஆகிய மூன்று தாள்களும் கோசோவில் செய்பவையே.

சயனோடைப்புக்கு என் முதல் தேர்வு கோசோதான். நீண்ட கழுவலைத் தாங்கும், மஞ்சள் கறை முழுவதும் வெளியேறும்வரை பயமில்லாமல் விட்டு வைக்கலாம். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. பசையேற்றாத, அதாவது ஊறுவதைத் தடுக்கப் பசை பூசாத, கோசோவில் கரைசல் உள்ளே இறங்கிவிடும். படம் தாளின் மேல் நிற்காமல் தாளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்பக்கம் திருப்பினால் அங்கேயும் நீலம் தெரியும். கருமை குறையும், கூர்மை போகும். மூடுபனி, தண்ணீர், தூரத்து மலை மாதிரி மென்மையான படங்களுக்கு இதுவே வரம். முகத்தின் சுருக்கங்களையோ மரப்பட்டையையோ அச்சிட வேண்டுமென்றால் சரிப்படாது.

கோசோவில் இன்னொரு சங்கடம் தூரிகை. ஈரமான மேற்பரப்பில் தூரிகையை இரண்டாவது முறை இழுத்தால் இழைகள் பிய்ந்து எழும்பும். காய்ந்ததும் அந்த இடம் பஞ்சு பிடித்தது மாதிரி மங்கலாகத் தெரியும். மெல்லிய மயிர் கொண்ட ஹாகே என்ற அகலமான ஜப்பானியத் தூரிகையால் ஒரே போக்கில் பூசிவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது. கண்ணாடிக் கம்பியால் கரைசலை இழுத்துப் பரப்புவது அதைவிட நல்லது. கரைசல் எளிதாக ஊற உதவும் ட்வீன் 20 என்ற பொருளை ஒரு துளி சேர்ப்பது பருத்தித் தாளில் உதவும். பசையேற்றாத கோசோவில் அது ஊறுவதை இன்னும் வேகப்படுத்துகிறது என்பதால் நான் சேர்ப்பதில்லை.

கன்பி அப்படியே எதிர்மாறானது. இழை 3 முதல் 5 மில்லிமீட்டர், மெல்லியது, தட்டையானது, இயல்பாகவே பளபளப்பு உண்டு. பயிரிட்டு வளர்ப்பது கடினம் என்பதால் பெரும்பாலும் காட்டில் வளர்வதையே வெட்டி எடுக்கிறார்கள், விலையும் அதற்கேற்றபடிதான். இழைகள் ஒன்றோடொன்று நெருக்கமாகப் படிவதால் தனியாகப் பசையேற்றாமலே கரைசல் மேலேயே நிற்கும். பிளாட்டினம்-பல்லேடியத்தில் இதன் பலன் முழுதாகக் கிடைக்கும். நெகட்டிவில் இருக்கும் நுணுக்கம் அத்தனையும் வரும், நிழல் பகுதியின் கருமை பருத்தித் தாளை விட ஆழமாக எனக்குக் கிடைத்திருக்கிறது, கழுவலிலும் இரும்பு உப்புகள் சீக்கிரம் வெளியேறுகின்றன. கரைசலும் குறைவாகவே செலவாகும். பிளாட்டினம் விற்கிற விலையில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் கையாள்வது பெரும்பாடு. 30 ஜிஎஸ்எம் கன்பியில் கரைசலைப் பூசத் தொடங்கிய சில நொடிகளில் நனைந்த பகுதி மேடாக எழும்பும். காய்ந்த பகுதி அசையாமல் இருக்க, இடையில் மடிப்பு மடிப்பாக வரிகள் விழும். கண்ணாடிக் கம்பி அந்த வரிகளின் முகட்டை மட்டும் தொட்டுக்கொண்டு போகும், பள்ளங்களில் கரைசல் தேங்கும். அதனால் கன்பிக்கு மட்டும் நான் தூரிகைக்கு மாறிவிட்டேன். தாளைத் தடித்த மைலார் (பிளாஸ்டிக் படலம்) மேல் விரித்து நான்கு மூலைகளையும் ஒட்டிவிடுவேன். முதலில் நீளவாக்கில், உடனே குறுக்குவாக்கில், அப்புறம் தொடுவதில்லை. பூசும்போது ஏறுமாறாகத் தெரியும். பதற வேண்டாம், காய்கிற போக்கில் பெரும்பகுதி சமமாகிவிடும். முழுவதும் காயும்வரை மைலாரிலிருந்து பிரிப்பதில்லை.

படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பரிலும் அதே கதைதான். தாளைத் தட்டில் வைத்து மேலே ஊற்றினால் சுருண்டுகொண்டு ஒரு பாதி தாமதமாக நனையும், அந்த எல்லையில் கோடு நிரந்தரமாகத் தங்கிவிடும். தாளின் ஒரு விளிம்பை மைலார் துண்டோடு பிடித்துக்கொண்டு, கரைசலுக்குள் ஒரே வீச்சில் சறுக்கி இறக்க வேண்டும். கழுவும்போதும் தாளை நேரடியாகத் தூக்காமல் மைலாரோடு சேர்த்துத் தூக்க வேண்டும். நனைந்த கன்பி கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரியாது. தண்ணீருக்குள் படம் மட்டும் தனியாக மிதப்பது போலிருக்கும்.

மிட்சுமாதா பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஜப்பானின் யென் நோட்டுத் தாளில் சேரும் இழை இது. வழவழப்பு கன்பிக்கு அருகில், ஈரத்தில் பலம் கோசோவுக்குக் கீழே. கன்பியின் சுருக்கங்களோடு மல்லுக்கட்ட மனமில்லாதவர்களுக்கு நல்ல நடுவழி. ஆனாலும் இதை ஏனோ யாரும் சிபாரிசு செய்வதில்லை.

இழையை விடப் பெரிய சிக்கல் தாளுக்குள் வேறு என்ன இருக்கிறது என்பது. சயனோடைப்பின் நீலத்துக்குக் காரத்தன்மை ஆகாது. பிரஷ்ய நீலம் காரத்தில் வெளுத்துவிடும். பிளாட்டினம் முறையின் கரைசலில் உள்ள இரும்பு ஆக்சலேட்டுக்கும் சுண்ணாம்பு எதிரி. ஜப்பானியத் தாள் என்றாலே கலப்படமற்ற இழை என்று ஒரு நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. எப்போதும் அப்படி இல்லை. நாரா மாகாணத்தின் யோஷினோவில் சுருள் ஓவியங்களின் பின்புறம் ஒட்டுவதற்காகச் செய்யும் மிசு தாளில் சிப்பித் தூளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். அது கால்சியம் கார்பனேட். ஹியோகோ மாகாணத்தின் நஜியோவில் கன்பியோடு உள்ளூர் மண்ணைக் கலந்து தாள் செய்யும் மரபு உண்டு. இரண்டும் தங்கள் வேலைக்கு அருமையான தாள்கள். நம் வேலைக்கு, குறிப்பாக முதலாவது, ஆகாது. கலப்பு எதுவும் இல்லாத தாளிலும் பட்டையை வேகவைத்த காரம் கொஞ்சம் தங்கியிருக்கலாம். மரச்சாம்பல், சோடா சாம்பல், சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா என்று பட்டறைக்குப் பட்டறை மாறும். இந்த விவரம் தருகிற விற்பனையாளரிடம்தான் நான் வாங்குகிறேன்.

தெரியாத தாள் கையில் வந்தால் சோதனை எளிது. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, சயனோடைப் கரைசல் ஒரு சொட்டு விட்டு, இருட்டில் காயவைத்துவிட்டுப் போய்விடுங்கள். மறுநாளும் மஞ்சள் கலந்த பச்சையாகவே இருந்தால் நல்லது. வெளிச்சம் படாமலே நீலம் கண்டிருந்தால் தாளில் ஏதோ இருக்கிறது. சின்னச் சின்ன நீலப் புள்ளிகளாக மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் இரும்புத் துகள். அந்தத் தாளை எழுதுவதற்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொரு துண்டை வெயிலில் காட்டிக் கழுவிக் காயவைத்துப் பாருங்கள். நீலம் சாம்பலாகிப் போனால் அது காரம். காரம் லேசாக இருந்தால், பூசுவதற்கு முன் 1 சதவீத சிட்ரிக் அமிலத்தில் தாளை நனைத்து உலர்த்தினால் போதும். சுண்ணாம்பு அதிகமுள்ள தாளுக்கு சல்ஃபாமிக் அமிலம் மேல்; அதன் கால்சியம் உப்பு தண்ணீரில் கரைந்து வெளியே போய்விடும். ஆக்சாலிக் அமிலம் விட்டுச்செல்லும் கால்சியம் ஆக்சலேட் கரையாமல் இழைக்குள்ளேயே தங்கும். ஆனால் 20, 30 ஜிஎஸ்எம் தாளை அமிலத்தில் நனைத்து, கழுவி, காயவைத்து, அதற்குப் பிறகு பூசுவது என்பது ஒரு நாள் வேலை. அவ்வளவு பாடுபட வேண்டிய தாளை நான் தவிர்த்துவிடுகிறேன்.

கோசோவுக்குப் பசையேற்றுவது மட்டும் எனக்கு அலுக்காத வேலை. ஜப்பானிய மரபில் விலங்குப் பசையோடு படிகாரம் சேர்த்துப் பூசுவார்கள், அதற்கு தோசா என்று பெயர். படிகாரம் அமிலத்தன்மை கொண்டது என்பதால் சயனோடைப்புக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் காலப்போக்கில் தாளை நொறுங்கச் செய்யும் என்பதால் நான் 1 சதவீத ஜெலட்டினோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜெலட்டின் ஏறிய கோசோவில் வான்டைக் பிரவுன் பூசிப் பாருங்கள். பசையேற்றாததில் வெளிறிய தவிட்டு நிறமாக இருந்த அதே நெகட்டிவ், இதில் அடர்ந்த காப்பி நிறத்தில் வரும்.

நிறத்தையும் யோசிக்க வேண்டும். வெளுக்காத கோசோ இளம் மஞ்சளாக இருக்கும். அதன் மேல் சயனோடைப் அச்சிட்டால் மென்னீலப் பகுதிகள் எல்லாம் பச்சை சாயும். மேகம் உள்ள படங்களில் இது கெடுதல். வான்டைக்குக்கும் பல்லேடியத்துக்கும் அதே மஞ்சள் கூடுதல் இதம் தரும். இன்னொன்று, மூங்கில் சல்லடையின் கோடுகள். தாளை வெளிச்சத்தில் பார்த்தால் கவர்ச்சியாகத் தெரிகிற அந்தக் கோடுகள், வெறும் வானம் உள்ள படத்தில் கரைசல் ஏறுவதில் ஏற்றத்தாழ்வாக வந்து நிற்கும். பலகையில் ஒட்டிக் காயவைத்த பக்கம்தான் வழவழப்பான பக்கம். மறுபக்கத்தில் தூரிகைத் தடம் இருக்கும். எது எது என்று பென்சிலால் குறித்து வைப்பது நல்லது. நனைந்த பிறகு கண்டுபிடிக்க முடியாது.

பல அடுக்கு கம் பைகுரோமேட் (நிறமி கலந்த பசையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி அச்சிடும் முறை) செய்கிறவர்களுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முன்கூட்டியே நனைத்துச் சுருக்கினாலும் ஒவ்வொரு கழுவலுக்கும் கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருக்கும். மூன்றாவது அடுக்கில் விளிம்புகள் பொருந்தாது. அவர்களுக்குப் பருத்தித் தாளே கதி.

கடைசியாகக் காயவைப்பது. கோசோவைக் கழுவியதும் படப்பக்கம் மேலே இருக்கும்படி அக்ரிலிக் பலகையில் வைத்து, மென்தூரிகையால் காற்றுக் குமிழ்களை வெளியே தள்ளிவிட்டால் தானாக ஒட்டிக்கொண்டு இழுத்து வைத்தது போலக் காயும். காய்ந்ததும் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினால் போதும். கன்பியை இப்படி ஒட்டினால் சுருங்குகிற வேகத்தில் சில சமயம் நடுவில் கிழியும். அதை ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் கனம் வைத்து, முதல் நாள் ஒற்றுத்தாளை இரண்டு முறையாவது மாற்றி, மெதுவாக உலரவிடுகிறேன். லேசான அலை மிச்சமிருக்கும், சட்டத்துக்குள் போனால் கண்ணில் படாது. பின்னால் வெள்ளைத் தாள் வைக்க மறக்க வேண்டாம். கன்பி ஒளி ஊடுருவும் தாள். பின்னணி பழுப்பாக இருந்தால் வெளிச்சப் பகுதிகள் எல்லாம் அழுக்காகத் தெரியும்.

இப்போதைக்கு அலமாரியில் நான் நிரந்தரமாக வைத்திருப்பது இரண்டே வகை: ஜெலட்டின் ஏற்றிய 40 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட கோசோ, பிளாட்டினத்துக்கென்று 30 ஜிஎஸ்எம் கன்பி. கைத்தாளில் ஒரு கட்டுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் இருக்கும் என்பதால், ஒரு தொடர் படத்துக்குத் தேவையானதை ஒரே கட்டிலிருந்து மொத்தமாக வாங்கிவிடுகிறேன்; புதுக் கட்டு வந்தால் பெயர் ஒன்றாக இருந்தாலும் சொட்டுச் சோதனையை மறுபடி செய்கிறேன்.