குளமா, ஆறா, கழிமுகமா: பிள்ளைகளுக்குத் துடுப்பு பழக்க நெல்லைச் சீமையில் எது தோது?

சென்னையிலிருந்து எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து நாலு நாள் படகும் கரை வாசமும் பழக்க நினைக்கும் ஆசிரியர் முதலில் கேட்பது, “தாமிரபரணியில் எந்த இடம் சார் நல்லது?” என்றுதான். என்னைக் கேட்டால், இடத்துக்கு முன்னால் காலண்டரைப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கு நீண்ட விடுமுறை ஏப்ரல், மே. அந்த வெயிலில் நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் குளங்களில் பெரும்பாலானவை வெடித்துக் கிடக்கும். அரையாண்டு விடுமுறை வருவதோ வடகிழக்குப் பருவமழை இன்னும் முடியாத டிசம்பர் கடைசியில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதும், திருநெல்வேலி ஜங்ஷன் பகுதி தண்ணீரில் நின்றதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று படகை நேராகப் போக விடாது. ஆக, தோதான காலம் பொங்கல் விடுமுறையில் தொடங்கி மாசி வரைக்கும்தான். அணைகளில் தண்ணீர் இருக்கும், மழை ஓய்ந்திருக்கும், வயலில் பிசானப் பருவத்து நெல் நிற்கும்.

அந்தக் காலத்தில் குளங்களும் நிறைந்திருக்கும். விஜயநாராயணம் பெரியகுளம் மாதிரி ஒன்றின் கரையில் நின்று பார்த்தால், பழக்க இதைவிட என்ன வேண்டும் என்றுதான் தோன்றும். ஓட்டம் கிடையாது. கவிழ்ந்தால் கவிழ்ந்த இடத்திலேயே கிடக்கலாம். துடுப்பு கைநழுவினாலும் காற்று கரை சேர்த்துவிடும். தண்ணீரைக் கண்டால் பயப்படுகிற பிள்ளைக்கு முதல் நாள் இதுதான் சரி.

ஆனால் இரண்டு வில்லங்கம் உண்டு. பல குளங்களுக்குள் கருவேல மரங்கள் நிற்கின்றன. தண்ணீருக்கு அடியில் இருக்கும் முள் கண்ணுக்குத் தெரியாது, காற்றடைத்த படகென்றால் சொல்லவே வேண்டாம். இன்னொன்று பறவைகள். குளம் நிறைந்திருக்கும் மாதங்கள்தான் வலசை வரும் வாத்துகளுக்கும் கூடு கட்டும் நாரைகளுக்கும் உரிய மாதங்கள். கூந்தன்குளம் சரணாலயம், அங்கே படகுப் பேச்சே எடுக்கக் கூடாது. மற்ற குளங்களிலும் பறவைக் கூட்டம் அடைந்திருந்தால் வேறு குளம் பார்ப்பதுதான் மரியாதை.

குளத்தில் பழகிய பிள்ளைக்குத் துடுப்பு வரும், தண்ணீரைப் படிக்க வராது. அதற்கு ஆறு வேண்டும். நீர்ப்பரப்பில் ‘வி’ வடிவம் தெரிந்தால் அதன் கூர்முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓட்டம் போகும் பக்கம் இருந்தால் இரண்டு பாறைக்கு நடுவே வழி இருக்கிறது, ஓட்டம் வரும் பக்கம் இருந்தால் அடியில் பாறை ஒளிந்திருக்கிறது. பாறைக்குப் பின்னால் ஓட்டம் அடங்கிய இடத்தில் படகை ஒதுக்கி இளைப்பாறலாம். தாமிரபரணி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. வடகரையிலிருந்து தென்கரைக்குப் போக, படகின் மூக்கை ஓட்டத்துக்கு எதிராக மேற்கே வைத்து, கொஞ்சம் தெற்கே சாய்த்துப் பிடித்துத் துடுப்பு போட்டால் ஆறே அதைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்க்கரையில் சேர்க்கும். இதைப் பிள்ளை ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் போதும், வகுப்பில் நடத்துகிற விசைப் பாடம் தானாகப் புரியும்.

எந்த ஆற்றுத் துண்டு என்பதுதான் அடுத்த கேள்வி. பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்துவிடுகிறது. அது வனத்துறையின் இடம், அதை விட்டுவிடுங்கள். பாபநாசம் படித்துறையை ஒட்டியும் வேண்டாம். பரிகாரத்துக்கு விட்ட துணிகள் தண்ணீருக்குள் கிடக்கின்றன, காலில் சுற்றினால் நீச்சல் தெரிந்தவனும் திணறுவான். மாநகரத்துக்குக் கீழே சாக்கடை கலக்கிறது. மிஞ்சுவது அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடைப்பட்ட துண்டு. செங்கோட்டை ரயில் இரண்டு ஊரிலும் நிற்கும். திருப்புடைமருதூரில் கடனாநதி வந்து சேர்ந்த பிறகு, அரியநாயகிபுரம் அணைக்கட்டுக்கு மேலே தண்ணீர் தேங்கி மெல்ல நகரும். குளத்தின் சாதுத்தனமும் ஆற்றின் ஓட்டமும் கலந்த அந்த மாதிரி இடம்தான் என் தேர்வு.

அணைக்கட்டுக்கு ‘மேலே’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. எல்லாமே பார்க்கச் சின்ன மேடு மாதிரிதான் இருக்கும். வழிந்து விழும் தண்ணீர் அடியில் சுருண்டு திரும்பவும் சுவரை நோக்கியே இழுக்கும். அதில் மாட்டியது சீக்கிரம் வெளியே வராது. நுரைத்த தண்ணீரில் லைஃப் ஜாக்கெட்டும் சரியாகத் தூக்காது. ஆகவே அணைக்கட்டுக்கு வெகு முன்னாலேயே கரைக்குக் கரை மிதவைக் கயிறு கட்டி, அதுதான் எல்லை என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம் கசம், அதாவது ஆற்றுக்குள் இருக்கும் ஆழமான பள்ளம். மணல் அள்ளிய குழியும் சேர்ந்து முழங்கால் தண்ணீர் சட்டென்று ஆளை முழுங்கும். எங்கெங்கே என்று அந்த ஊர் மீன்பிடிக்காரருக்குத்தான் தெரியும். பயிற்றுநர் எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் உள்ளூர் அண்ணாச்சி ஒருவர் கூட வரட்டும். ஓட்டத்தில் விழுந்த பிள்ளை மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் பக்கம் பார்த்து நீட்டி மிதக்க வேண்டும், எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டினால் முழங்கால் ஓட்டமே ஆளைக் கவிழ்த்துப் போடும்.

புன்னக்காயல் கழிமுகம் அழகுதான். அலையாத்தி, வள்ளங்கள், ஆறு கடலோடு கலக்கும் இடம், எல்லாம் உண்டு. பழகுகிறவர்களுக்கு மட்டும் ஆகாது. வற்றம், அதாவது கடல் நீர் இறங்கும்போது வரும் ஓட்டம், படகைக் கடல் பக்கம் இழுக்கும், மதியத்துக்கு மேல் கடல்காற்று எதிரே நிற்கும். கடைசி நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு மீன்குழம்பு சாப்பிட்டு வரலாம்.

படகு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்பு போடும் திறந்த படகான கனூ. இரு முனைத் துடுப்பால் ஓட்டும் சின்னப் படகான கயாக்கை அரை மணி நேரத்தில் ஓட்டிவிடலாம், வாடகைக்கும் அதுதான் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் ஆளுக்கொன்றில் ஏறிக்கொண்டு அவனவன் ஒரு பக்கம் போவான். கனூவில் முன்னால் இருப்பவர் பாறையைப் பார்த்துச் சொல்லணும், பின்னால் இருப்பவர் திருப்பணும், இரண்டு பேரும் பேசாவிட்டால் படகு வட்டமடிக்கும். அந்தச் சண்டையே பாதிப் படிப்பு. சமையல் சாமானையும் அதிலேயே ஏற்றலாம். பரிசல் காவிரிக்காரர்களின் கைவேலை. நம் பிள்ளைகளுக்கு அது ராட்டினமாகத்தான் இருக்கும், ஒருவர் துழாவ மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

கூடாரத்தை ஆற்று நடுவில் இருக்கும் மணல்திட்டில் போட எல்லோருக்கும் ஆசை வரும். மேலே அணையும் மின்நிலையமும் இருக்கிற ஆறு இது. மழையே இல்லாத ராத்திரியிலும் தண்ணீர் ஏறலாம். உயரமான கரையில் மருத மர நிழல் போதும். அங்கேயும் சாயங்காலம் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, முறை வைத்துப் பிள்ளைகளையே பார்க்கச் சொல்லலாம். அடுப்பு மூட்டுவது, கயிற்றில் முடிச்சுப் போடுவது எல்லாம் இரண்டாம் நாளே பழகிவிடும். சங்கடம் கழிப்பிடத்தில்தான். தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும். சொல்லித் தராவிட்டால் பாதிப் பேர் நாலு நாளும் அடக்கிக்கொண்டே இருக்கப் பார்ப்பார்கள். அதனால் துடுப்பைக் கொடுப்பதற்கு முன்னால் மண்வெட்டியைக் கொடுத்துவிடுங்கள்.