ஸ்கீ டூரிங் பை: 25, 35, 45 லிட்டரில் எது?

ஸ்கீ மாட்டிக்கொண்டே பனிமலை ஏறி, சறுக்கி இறங்குவதுதான் ஸ்கீ டூரிங். அதற்கான பைகளைக் கடையில் தோளில் மாட்டிப் பார்த்தால் மூன்று அளவுமே பிடித்துப்போகும். காலிப் பை எந்த அளவாக இருந்தாலும் முதுகில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். ஸ்கீயைக் கழற்றிப் பையில் கட்டிக்கொண்டு, செங்குத்தான பனியில் ஏறும்போதுதான் அதன் குணம் தெரியும்.

எதற்கும் முதலில் ஒரு கணக்கு. பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோக் கருவியான டிரான்ஸீவர் உடம்போடு இருக்கும். ஆனால் பனிச்சரிவில் சிக்கியவரைக் குத்தித் தேடும் நீளக் கம்பியான புரோப்பும், தோண்டும் மண்வாரியும் பையில்தான் இருக்க வேண்டும், அதுவும் சட்டென்று கைக்கு வரும் தனி அறையில். அப்புறம் இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், மாற்றுக் கையுறை, கண்ணாடி, தண்ணீர், சாப்பாடு, முதலுதவிப் பொருட்கள். ஏறும்போது வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டைகளான ஸ்கின்களும் இறங்கும்போது உள்ளே வந்துவிடும். இதற்கே 25 லிட்டர் பை கிட்டத்தட்ட நிரம்பிவிடும்.

காலையில் போய் மாலைக்குள் திரும்பும் டூருக்கு, வழியில் ஸ்கீயைக் கழற்றி ஏறும் வேலை எதுவும் இல்லையென்றால், 25 தான் சுகம். முதுகோடு ஒட்டிக்கொள்ளும், திருப்பங்களில் ஆடாது. ஹார்னெஸ் (கயிற்றோடு இணைக்கும் இடுப்பு வார்), கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் முள்தகடு), கயிறு என்று சேர்ந்ததும் கதை மாறுகிறது. மீட்டருக்கு 60 கிராம் என்றால் 60 மீட்டர் கயிறு மட்டுமே 3.6 கிலோ. அதை மூடிக்கு மேலே கட்டி, ஹெல்மெட்டைப் பின்னால் தொங்கவிட்டு, கிராம்பானை வெளியே மாட்டினால், எடை முதுகைவிட்டு விலகி ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னுக்கு இழுக்கும். விழுந்தால் கிராம்பான் முனைகள் யாரைக் குத்தும் என்று சொல்ல முடியாது. சின்னப் பை வாங்கிவிட்டு மூட்டை முடிச்சோடு திரிவதில் அர்த்தமில்லை.

45 லிட்டர் அதற்கு நேர் எதிர். எல்லாம் உள்ளே போகும், போகக்கூடாததும் போகும். இடம் இருக்கிறதே என்று இரண்டாவது ஸ்வெட்டரை வைக்காதவரை நான் பார்த்ததில்லை. அதைவிடப் பெரிய தொந்தரவு பாதி காலியாக இருக்கும்போதுதான். இரண்டு பக்கமும் ஸ்கீயைக் கட்டி மேலே ஏ வடிவில் சேர்க்கும்போது, உள்ளே சரக்கில்லாத பை குழைந்து சரியும். ஸ்கீயின் வால்கள் காலில் இடிக்கும். கூடாரம், அடுப்பு, தூங்கும் பை என்று சுமப்பவருக்கு 45 அவசியம். ஆல்ப்ஸ் மலையில் ஷாமோனியிலிருந்து செர்மாட் வரை பல நாள் போகும் ஓட் ரூட் பாதை மாதிரி, உணவும் கம்பளியும் தரும் மலைக்குடில்களில் தங்குவதற்கு அது தேவையில்லை. 35 முதல் 40 வரை போதும்.

உண்மையில் ஒரே பை ஒரே நாளில் பல அளவாக இருக்க வேண்டியிருக்கிறது. காலையில் ஏறும் சாமான் எல்லாம் உள்ளே. ஏறும்போது ஹார்னெஸ் இடுப்பில், கிராம்பான் காலில், ஹெல்மெட் தலையில். உள்ளே பாதி காலி, வெளியே ஸ்கீ. சறுக்கி இறங்கும்போது ஈரக் கயிறும் ஸ்கின்னும் சேர்ந்து மறுபடி நிரம்பல். இந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுப்பது, பக்கவாட்டு வார்களை இழுத்தால் நன்றாகச் சுருங்கும் 32–35 லிட்டர் பை. ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் இதுதான் என் ஓட்டு.

பனிச்சரிவில் சிக்கினால் ஊதிப் பெருத்து நம்மை மேலே வைத்திருக்க உதவும் ஏர்பேக் வேண்டுமென்றால் மட்டும் ஒரு படி பெரிதாக எடுங்கள். சுருட்டி வைத்த பலூனும், அதை ஊதும் சிலிண்டர் அல்லது மின்விசிறியும் இடத்தைத் தின்னும். பையின் எடையும் 2 முதல் 3 கிலோவுக்குப் போய்விடும். லிட்டர் எண்ணையும் முழுசாக நம்ப வேண்டாம். வெளிப் பைகளைச் சேர்த்து அளக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு.

அளவு சரி என்றாலும் இரண்டு விஷயம் பார்ப்பேன். ஸ்கீ கட்டியிருக்கும்போது மேல்வாயைத் திறப்பது பெரும்பாடு என்பதால், முதுகுப் பக்கம் ஜிப் இருக்கிறதா? இடுப்புப் பட்டை ஹார்னெஸின் வளையங்களை மறைக்காமல் கழற்ற முடிகிறதா?

வாங்குவதற்கு முன் சொந்தச் சாமானைக் கொண்டுபோய் முழுசாக நிரப்பி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு அண்ணாந்து பாருங்கள். பையின் தலை ஹெல்மெட்டை இடித்தால், ஏற வேண்டிய பனிச்சுவரை நிமிர்ந்து பார்க்கவே முடியாது.