அலாரம் இல்லாமலே நின்ற லேத்: பீன்யாவில் ஒரு சிஎன்சி சர்வீஸ்

பெங்களூரு பீன்யாவில் உள்ள எங்கள் பட்டறையின் ஃபானுக் கன்ட்ரோல் (இயந்திரத்தை ஓட்டும் கணினி) பொருத்திய சிஎன்சி லேத், சென்ற மாதம் எம்டிஐ முறையில், அதாவது கட்டளையை நேரடியாகத் தட்டச்சு செய்து ஓட்டும் முறையில், கட்டளையை வாங்கிக்கொண்டும் அசைய மறுத்தது. பொத்தானை அழுத்தி அச்சைக் கையால் நகர்த்தும் ஜாகில் இரண்டு அச்சுகளும் நன்றாக ஓடின. திரையில் அலாரம் எதுவும் இல்லை. அச்சுகளை மூல நிலைக்கு அனுப்பும் ஜி28 யு0 டபிள்யூ0 என்று அடித்து, வரியை முடிக்கும் இஓபி, அதை உள்ளே சேர்க்கும் இன்சர்ட் இரண்டையும் அழுத்தி, சைக்கிள் ஸ்டார்ட்டைத் தட்டினால் எல்லாம் அப்படியே நின்றது. முதலில் வந்து பார்த்த ஒருவர், பேனல் போர்டையே மாற்றவேண்டும் என்று பெருந்தொகை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தெருவில் இரண்டு பேர் நடத்தும் சிறிய சர்வீஸிலிருந்து வந்த சேலத்துக்காரர், கருவிப்பையைத் திறக்காமல் கன்ட்ரோலுக்குப் போய்வரும் சிக்னல்களைக் காட்டும் பிஎம்சி டயக்னாஸிஸ் பக்கத்தைத்தான் திறந்தார். சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்தும்போது அதன் சிக்னலான ஜி7.2 ஒன்றாகி, கையை எடுத்ததும் பூஜ்யமாவதைக் காட்டி, கன்ட்ரோல் புறப்படுவது பொத்தானை விடும்போதுதான் என்று விளக்கினார். இத்தனை ஆண்டு லேத் ஓட்டிய எனக்கு அது தெரியாது. எனவே அந்தப் பொத்தானில் பழுதில்லை. ஆனால், எப்போதும் ஒன்றாக இருக்கவேண்டிய ஃபீட் ஹோல்டு (ஓட்டத்தை இடையில் நிறுத்தும் பொத்தான்) சிக்னலான ஜி8.5, பூஜ்யத்திலேயே கிடந்தது. பேனலைக் கழற்றிப் பார்த்தபோது, ஃபீட் ஹோல்டு பொத்தானின் காண்டாக்ட் பிளாக்கில் (மின்தொடர்பு தரும் பாகத்தில்) கூலன்ட் இறங்கிப் பிசுக்கேறியிருந்தது. யாரும் அழுத்தாமலே, அழுத்தியதாகக் கன்ட்ரோல் நினைத்துக்கொண்டிருந்தது. புதிய பிளாக்கைப் பொருத்தியதும் லேத் ஓடியது.

சரிபார்ப்பதற்காக எங்கள் ஆபரேட்டர், அச்சை 10 மில்லிமீட்டர் நகர்த்தும் ஜி01 டபிள்யூ-10. எஃப்0.2 என்று கொடுத்தபோது, ஸ்டார்ட் விளக்கு எரிந்தும் அச்சு மறுபடி நின்றது. “தம்பி, ஜி99-ல் இருக்கு, அதாவது வேகம் ஸ்பிண்டிலோட சுத்துக் கணக்குல. ஸ்பிண்டில் சுத்தாம ஒரு சுத்துக்கு 0.2 எப்படி நகரும்?” என்று சேலத்துக்காரர் சிரித்தார். எண்ணுக்குப் பின் புள்ளி வைக்காவிட்டால் எங்கள் லேத் 10-ஐ 0.01 மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளும் என்பதையும் செய்து காட்டினார். இதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் மூன்றரைக்குத்தான் வந்தார். பில்லில் பாகத்தின் விலையும் கூலியும் ஒரே வரியில் கிடந்தன, கேட்ட பிறகே பிரித்து எழுதிக்கொடுத்தார். சீமென்ஸ் கன்ட்ரோல் என்றால் தொலைபேசியிலேயே மறுத்துவிடுகிறார்கள் என்பதால், எங்கள் மில்லிங் மெஷினுக்கு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.