எல்பிஜி, சிஎன்ஜி, எல்என்ஜி: எந்த கேஸை எப்படி அடைப்பது?

வீட்டு எல்பிஜி சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தளும்பும். காரின் டிக்கியில் இருக்கும் சிஎன்ஜி தொட்டியைக் கழற்றி எவ்வளவு ஆட்டினாலும் ஒன்றும் தளும்பாது. ஒன்று திரவமாக அடைபட்டிருக்கிறது, மற்றது கடைசி வரை வாயுவாகவே இருக்கிறது. “அதையும் இன்னும் கொஞ்சம் அழுத்தித் திரவமாக்கினால் டிக்கியில் இடம் மிச்சமாகுமே?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது.

ஒவ்வொரு வாயுவுக்கும் மாறுநிலை வெப்பநிலை என்று ஒன்று உண்டு. அதற்கு மேலே இருக்கும் வரை எத்தனை அழுத்தினாலும் வாயு திரவமாகாது. கார்பன் டை ஆக்சைடுக்கு அது 31 டிகிரி செல்சியஸ் என்று 1869-ல் விஞ்ஞானி தாமஸ் ஆண்ட்ரூஸ் விளக்கிக் காட்டினார். எல்பிஜியில் இருக்கும் புரொப்பேனுக்கு சுமார் 97 டிகிரி, பியூட்டேனுக்கு 152. சிஎன்ஜியில் பெரும்பகுதியான மீத்தேனுக்கோ மைனஸ் 83. நம் ஊர் 30, 35 டிகிரியில் முதல் இரண்டும் அழுத்தினால் பணிந்துவிடும், மீத்தேன் பணியாது. ஃபாரடேயே மீத்தேனைத் திரவமாக்கப் பார்த்துத் தோற்றதற்கும் இதுதான் காரணம்.

சேமித்து வைக்கும் வசதியை மட்டும் பார்த்தால் எல்பிஜிக்குத்தான் என் ஓட்டு. கலவையையும் வெயிலையும் பொறுத்து ஐந்திலிருந்து எட்டு பார் அழுத்தம் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) போதும், திரவமாகிவிடும். அந்தத் திரவம் வாயுவானால் சுமார் 250 மடங்கு விரியும். அதனால்தான் 14.2 கிலோ கேஸை ஓர் ஆள் தோளில் சுமந்து மாடியேற முடிகிறது.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும் வரை அழுத்தம் கிட்டத்தட்ட மாறாது. பாதி சிலிண்டரும் கால் சிலிண்டரும் ஒரே அழுத்தத்தையே காட்டும். மீதி எவ்வளவு என்று பார்க்க ரெகுலேட்டரோடு அழுத்தமானி வாங்கி மாட்டுவது வீண் செலவு. எடை போடலாம், இல்லையென்றால் ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். மேல் பாதி சட்டென்று காய்ந்துவிடும், திரவம் இருக்கும் பகுதி மெதுவாகத்தான் காயும். அந்தக் கோடுதான் மட்டம்.

ஓட்டல் அடுப்பில் வேறு தொல்லை. ஒரு கிலோ திரவம் ஆவியாக சுமார் 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பெரிய பர்னர் வேகமாக கேஸை இழுக்கும்போது அந்த வெப்பம் சிலிண்டரிலிருந்தே போகிறது. வெளியே வியர்த்துக் கொட்டும், சில சமயம் பனியும் படியும், தீ அடங்கிப்போகும். உள்ளே கேஸ் இருக்கும், ஆவியாகத்தான் தெம்பில்லை. இதற்காகச் சிலிண்டரைப் படுக்க வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். வால்வு வழியாகத் திரவமே வெளியேறும். இரண்டு மூன்று சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைப்பதுதான் சரியான வழி.

சிஎன்ஜிக்கு முரட்டு வழி மட்டும்தான் உண்டு: 200 பார் அழுத்தம். 60 லிட்டர் தொட்டியில் பாடப்புத்தகச் சமன்பாட்டின்படி 7.7 கிலோ மீத்தேன்தான் கொள்ள வேண்டும். ஆனால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் 9 கிலோவுக்கு மேலேயே கொள்கிறது, இது நமக்கு லாபம். அப்படியும் லிட்டருக்கு இவ்வளவு ஆற்றல் என்று பார்த்தால் எல்பிஜியில் பாதிகூட வராது. டிக்கி போவதன் காரணம் இதுதான். பங்க்கில் வேகமாக ஏற்றும்போது தொட்டிக்குள் இருக்கும் வாயு அழுத்தப்பட்டுச் சூடாகும். அளவி 200 தொட்டவுடன் நிறுத்திவிடுவார்கள், ஆறினதும் முள் இறங்கிவிடும். பங்க்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஒரே ஆறுதல், இங்கே அழுத்தமானி ஓரளவு உண்மை சொல்லும். வாயு குறையக் குறைய அழுத்தமும் குறையும்.

அப்புறம் எல்என்ஜி. அழுத்தினால் பணியாத மீத்தேன் மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்ந்தால் சாதாரணக் காற்றழுத்தத்திலேயே திரவமாகிவிடும், பருமன் சுமார் 600-ல் ஒரு பங்காகிவிடும். எண்ணூர் முனையத்தில் 2019 முதல் கப்பலில் வந்திறங்குவது இதுதான். எவ்வளவு நல்ல காப்புச்சுவர் போட்டாலும் கொஞ்சம் வெப்பம் உள்ளே கசியும், திரவம் கொதித்துக்கொண்டே இருக்கும். கப்பல்கள் பலவற்றில் அந்த ஆவியே எஞ்சினுக்குப் போகிறது. நாள் முழுக்க ஓடும் லாரிக்கும் பரவாயில்லை. வாரக்கணக்கில் நிற்கும் காருக்கு எல்என்ஜி வேண்டவே வேண்டாம்.

கசிவு என்று வந்தால் மட்டும் எல்பிஜி தோற்கிறது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. தரையோடு தரையாகப் பரவிப் பள்ளத்தில் தேங்கும். சாதாரண வெப்பநிலையில் மீத்தேன் காற்றைவிடப் பாதி எடைதான், மேலே எழும்பிக் கலைந்துவிடும். சமையலறையில் கசிவு உணரி வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: சிலிண்டர் வீட்டில் தரைக்குப் பக்கத்தில், குழாய் வழி இயற்கை எரிவாயு (இதுவும் பெரும்பகுதி மீத்தேன்தான்) வரும் வீட்டில் கூரைக்குப் பக்கத்தில்.