55 வில்லையும் நாலு புளியங்கொட்டையும்

நேற்று ராத்திரி நண்பன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். “மாப்ள, உன் வீட்டுல இருக்குமே அந்த மர எண் செட்டு, 399-க்கு இறங்கியிருக்கு. பையனுக்கு ஒத்தை, ரெட்டை சொல்லித்தர வாங்கலாமா?” நான் வாங்கியபோது 640. அந்த வயிற்றெரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு வருஷமாக அந்த டப்பாவோடு குடித்தனம் நடத்துகிறவன் என்பதால் ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

மாண்டிசோரி பள்ளிகளில் பார்த்திருப்பீர்கள். 1 முதல் 10 வரை மர எண்கள், கூடவே 55 சிவப்பு வில்லைகள். ஒன்றிலிருந்து பத்துவரை கூட்டினால் 55. கணக்காக அவ்வளவுதான், உபரி ஒன்றுகூடக் கிடையாது. என் சண்டை முழுக்க அந்தக் ‘கணக்காக’ என்பதோடுதான். அதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணை வைத்து அதன் கீழே வில்லைகளை ஜோடி ஜோடியாக அடுக்க வேண்டும். ஏழு என்றால் மூன்று ஜோடி, மிஞ்சிய ஒன்று கீழே நடுவில். அப்புறம் இரண்டு வரிசைக்கும் நடுவே ஆள்காட்டி விரலை மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். எட்டில் விரல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஏழில் கடைசி வில்லையில் போய் முட்டும். மகளுக்கு அப்போது நாலரை வயசு. ‘ஒற்றைப்படை’ என்ற சொல்லே அவள் வாயில் நுழையவில்லை. ஆனால் “முட்டுதுப்பா” என்று சொல்லத் தெரிந்துவிட்டது. ஒரு வாரம் வீட்டில் எதுவும் தப்பவில்லை. தட்டிலிருந்த இட்லி, வாசலில் கிடந்த செருப்பு, அப்பத்தாவின் வளையல், எல்லாம் முட்டுமா முட்டாதா என்று சோதனைக்கு வந்தன.

பள்ளியில் சேர்ந்த பிறகு “கடைசி இலக்கத்தைப் பார்” என்று சொல்லிக்கொடுத்தார்கள். சரியான விதிதான், ஏன் என்றுதான் யாரும் சொல்லவில்லை. இவள் 36-ஐப் பார்த்து ஒத்தை என்றாள். கேட்டால், முன்னால் மூணு இருக்கிறதாம். டப்பாவை இறக்கினேன். முப்பத்தாறு வில்லையையும் பத்துப் பத்தாக, பத்தை ஐந்து ஜோடியாக அடுக்கினோம். மூன்று பத்திலும் விரல் தாராளமாகப் போய்விட்டது. மீதி ஆறிலும் போனது. “பத்து எப்பவும் முட்டாது, கடைசியில இருக்கறதுதான் முட்டும்” என்று அவளே சொன்னாள். அன்றைக்கு 640 ரூபாய் எனக்கு வசூலாகிவிட்டது.

போன ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் மொய்க் கவரில் 501 வைத்தேன். “ஐநூறு பூரா ஜோடியாப் போயிடும், அந்த ஒரு ரூபாதான் முட்டும், இல்லப்பா?” என்றாள். மொய் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

இனி என் வழக்கு. வில்லை ஒரு ரூபாய்க் காசு அளவு, வட்டம். விளிம்பில் நின்றால் உருளும். வாங்கிய இரண்டாம் மாசம் ஒன்று போனது. இந்த செட்டில் தப்பை அதுவே காட்டிக்கொடுக்கும். வழியில் எங்காவது அதிகமாக வைத்துவிட்டால் கடைசிப் பத்துக்குக் குறையும். நல்ல யோசனைதான். ஆனால் வில்லையே தொலைந்தால்? பத்துக்கு ஒன்பதுதான் மிஞ்சுகிறது, பத்து முட்டுகிறது! தன்மேல்தான் தப்பு என்று நினைத்து அவள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினாள். மறுபடியும் முட்டியது. மூன்றாவது தடவை அழுகை. பீரோவை நகர்த்தித் தேடிய எனக்கு முதுகுவலி.

விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். வில்லை மட்டும் தனியாகத் தரமாட்டார்களாம், முழு செட்டாக வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு மரத்துண்டுக்கு 640 ரூபாய்! கூட ஐந்து போட்டிருந்தால் இவர்கள் குடியா முழுகிவிடும்? இன்றைய தேதிக்கு நாலு காணோம். 51 வில்லை, நாலு புளியங்கொட்டை. கொட்டையை எடுத்துக்கொடுத்தது அப்பத்தா. கையில் கொட்டையை மூடிக்கொண்டு “ஒத்தையா ரெட்டையா?” என்று கேட்கிற பழைய ஆட்டத்தையும் கூடவே சொல்லிக்கொடுத்துவிட்டார். தோற்றால் கொட்டை போகும் என்பதால் பாப்பா டப்பாவில் கற்றதைவிட வேகமாக அதில் கற்றாள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு குறை, செட்டில் பூஜ்ஜியம் கிடையாது. அவள் கேட்டாள், அது ஒத்தையா ரெட்டையா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் வெறும் தரையில் விரலை இழுத்துப் பார்த்து, “முட்டல, ரெட்டை” என்று முடித்துவிட்டாள்.

ஆக, நண்பனுக்கு நான் அனுப்பிய பதில்: வாங்காதே. 399 இல்லை, 199 என்றாலும் வாங்காதே. ஒரு கை புளியங்கொட்டையும் சாக்பீஸும் போதும்.

“அப்ப உன் செட்டைக் கொடு, பையன் முடிச்சதும் தர்றேன்” என்றான்.

தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சின்னவனுக்கு ஆடியில் மூன்று முடிகிறது. அதற்குள் அந்த பீரோவை இன்னொரு தடவை நகர்த்திப் பார்க்க வேண்டும்.